மேலாளர், பணியாளர் காதலும் நிறுவன விதிகளும்: வேலைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபத்திற்கும் உச்சிப்புளிக்கும் இடையே உள்ள ஒரு நண்டுச் சதைக் கூடத்தில் காலை ஆறரை மணிக்கு நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகவைத்து ஆறிய நீலக்கால் நண்டுகள் பிளாஸ்டிக் கூடைகளில் வந்து இறங்கும். நீண்ட எஃகு மேசைகளின் இருபுறமும் பெண்கள் தலையுறையும் கையுறையும் அணிந்து காத்திருப்பார்கள். எந்தக் கூடை எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று மேற்பார்வையாளர் கைகாட்டுவார். அங்கே கூலி எடுத்த சதையின் எடைக்குத்தான். ஆகவே பெரிய நண்டு நிறைந்த கூடை கிடைத்தவருக்கு மாலைக்குள் எடை ஏறும், பொடி நண்டு கிடைத்தவருக்கு விரல்தான் தேயும். அந்தக் கைகாட்டல் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இப்போது அந்த மேற்பார்வையாளருக்கும் மேசையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கும் காதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவள் கூடுதலாக எதையும் எதிர்பார்க்காதவளாகவே இருக்கலாம். ஆனால் அன்று அவளுக்குப் பெரிய நண்டு வந்தால் மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பொடி நண்டு வந்தால் இருவருக்கும் சண்டை என்பார்கள். நாளை அந்தக் காதல் முறிந்து, அதற்கு மறுநாள் பொடி நண்டே அவளுக்குத் தொடர்ந்து வந்தால், அது தற்செயலா பழிவாங்கலா என்று எவராலும் நிறுவ முடியாது. இருவர் மனமொத்துப் பழகுவது அவர்களுடைய சொந்த விஷயம் என்று சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாததற்குக் காரணம் அந்தக் கூடைதான்.

இந்தக் கடற்கரையில் கடல் உணவு ஏற்றுமதி நிறுவனங்களிலும் பிறகு ஒரு தங்கும் விடுதியிலும் பல ஆண்டுகள் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க நிறுவனங்களுக்குள் அமைக்கப்படும் உள்ளகக் குழுக்கள் சிலவற்றில் வெளி உறுப்பினராக அமர்கிறேன். பாம்பன், தொண்டி, கீழக்கரை, தேவிபட்டினம் பக்கங்களிலிருந்து முதன்முதலாக மாதச் சம்பள வேலைக்கு வருகிற இளைஞர்களுக்காகவும், இருபத்தைந்து வயதிலேயே பத்துப் பேருக்கு மேற்பார்வையாளராக்கப்பட்டுவிடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மேலாளருக்கும் அவருக்குக் கீழே பணிபுரிபவருக்கும் இடையிலான காதல் பற்றிய விதிகள் காதலைத் தண்டிப்பதற்காக இருக்கக் கூடாது. காதலிக்கும் கையும் கூலியைத் தீர்மானிக்கும் கையும் ஒன்றாக இல்லாமல் பார்த்துக்கொள்வதற்காக இருக்க வேண்டும். நான் சொல்லப் போகும் எல்லா நடைமுறைகளும் இந்த ஒன்றிலிருந்து வருபவையே.

விதியைக் கேட்டு வாங்குங்கள்

வேலையில் சேரும் நாளில் உங்களிடம் ஒரு கட்டுத் தாள்களைக் கொடுத்துக் கையொப்பம் கேட்பார்கள். வைப்பு நிதிப் படிவத்துக்கும் வங்கிக் கணக்கு விவரத்துக்கும் நடுவே நடத்தை விதிகள் என்றொரு தாள் இருக்கும். ஏற்றுமதி நிறுவனங்களில் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனத்தின் தணிக்கையாளர் வந்து பார்ப்பதற்காக எழுதப்பட்ட தாள் அது. படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். தமிழில் ஒரு பிரதி கேளுங்கள். இல்லை என்றால், "இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சார்" என்று கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

அந்தத் தாளில் "காதல்" என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. "தனிப்பட்ட உறவு", "நெருங்கிய உறவு", "நலன் முரண்பாடு" போன்ற தலைப்புகளில் பாருங்கள். நிறுவனங்களின் விதிகள் பொதுவாக மூன்று வகையாக இருக்கின்றன. சில நிறுவனங்கள் ஊழியர்களுக்கு இடையே எந்தக் காதல் உறவும் கூடாது என்கின்றன. இது நடைமுறைக்கு ஒவ்வாதது, மறைத்துப் பழகுவதையே வளர்ப்பது என்பது என் கருத்து. வேறு சில, மேலாளருக்கும் அவரது நேரடிப் பொறுப்பில் உள்ளவருக்கும் இடையே மட்டும் தடை விதிக்கின்றன. மற்றவை தடை விதிக்காமல், அப்படி ஓர் உறவு ஏற்பட்டால் குறிப்பிட்ட அதிகாரியிடம் தெரிவித்துவிட வேண்டும் என்று சொல்லி, தெரிவித்த பிறகு பொறுப்புகளை மாற்றி அமைக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் விதி இவற்றில் எந்த வகை என்பதோடு, தெரிவிக்கும் கடமை யாருக்கு, யாரிடம் தெரிவிக்க வேண்டும், தெரிவித்த பின் யார் இடம் மாற்றப்படுவார் என்பவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தாளில் பதில் இல்லையென்றால், நடைமுறையில் மாற்றப்படுவது கீழே இருப்பவர்தான் என்று இப்போதே எண்ணிக்கொள்ளலாம்.

நம் பக்கத்துச் சிறு நிறுவனங்கள் பலவற்றில் எழுத்து வடிவில் எந்த விதியும் இருக்காது. அதனால் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. விவகாரம் வெடிக்கும் நாளில் முதலாளிக்கு அப்போதைக்குத் தோன்றுவதே விதியாகிவிடும். அத்தகைய இடத்தில் பணி நியமன ஆணையின் பின்பக்கத்தில் உள்ள நிபந்தனைகளையாவது படித்து, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணியில் சேர்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 பொருந்தும். வாழ்க்கைத்துணை உயிருடன் இருக்கையில் இன்னொரு திருமணம் செய்வதை அவ்விதிகள் தடுக்கின்றன என்பதை மட்டும் இங்கே சொல்லி நகர்கிறேன்.

யார் கையில் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்

மேலாளர் என்ற சொல் பெருநகர அலுவலகத்திற்கு எழுதப்பட்டது. நம் கூடங்களில் மேலாளர் என்ற பட்டம் இல்லாதவர் கையிலும் அதிகாரம் இருக்கும். எடைத் தராசின் அருகில் உட்கார்ந்து எடை எழுதுபவர், ஊர் ஊராக வேன் அனுப்பி ஆட்களை அழைத்துவரும் ஒப்பந்தக்காரர், மேசைக்கு ஒருவராக இருக்கும் குழுத்தலைவி, உப்பளத்தில் நாளைக்கு யார் வர வேண்டும் என்று பெயர்ப் பட்டியல் எழுதுபவர், விடுதியில் பணிமுறை அட்டவணை தயாரிப்பவர் ஆகிய எல்லோரும் இன்னொருவருடைய வருமானத்தைக் கூட்டவோ குறைக்கவோ வல்லவர்கள். விதித் தாளில் அவர்களுடைய பதவி எழுதப்படாமல் இருக்கலாம். ஆனால் விதியின் நோக்கம் அவர்களையும் சேர்த்ததே.

ஆகவே ஒரு தாளை எடுத்து, உங்கள் வேலையில் உங்களுக்காக எடுக்கப்படும் முடிவுகளை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே அதை எடுப்பவர் யார் என்று குறியுங்கள். நீங்கள் மேற்பார்வையாளர் என்றால், நீங்கள் எடுக்கும் முடிவுகளை எழுதுங்கள். வருகைப் பதிவு, விடுப்பு, கூடுதல் நேர வேலை, ஊக்கத்தொகை ஆகியவை உடனே நினைவுக்கு வரும். நினைவுக்கு வராதவைதான் பெரியவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கூடங்களில் சரக்கு குறைந்துவிடும். அப்போது யாரை வேலையில் வைத்துக்கொள்வது, யாரை "ஜூன் மாசம் கூப்பிடுறோம்" என்று சொல்லி அனுப்புவது என்பதற்கு ஒரு பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலை எழுதும் கைக்குத்தான் ஆண்டு முழுவதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதுபோலவே ராமேஸ்வரம் விடுதிகளில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் அலைமோதும் இரவுகளில் வரவேற்பு மேசையில் யார் நிற்பது, யாருக்கு விடுப்பு என்பதை ஒருவர் தீர்மானிக்கிறார்.

உங்களைப் பற்றிய ஒரு முடிவை நீங்கள் காதலிப்பவர் எடுக்கிறார் என்றோ, அவரைப் பற்றிய ஒரு முடிவை நீங்கள் எடுக்கிறீர்கள் என்றோ இந்தத் தாளில் ஒரு தடவை வந்தால்கூட, அந்த உறவு விதிக்கு உட்பட்டது என்று கொள்ளுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

வயது வந்த இருவர் மனமொத்துப் பழகுவதைத் தனியார் நிறுவனப் பணியில் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. தமக்கான துணையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை வயது வந்த ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதை 2018 மார்ச் மாதத் தீர்ப்பு ஒன்று உறுதிசெய்தது. எனவே "நீ யாரைக் காதலிக்கலாம்" என்று கேட்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. "உன் காதலியின் சம்பளத்தை நீ தீர்மானிக்கலாமா" என்று கேட்க உரிமை உண்டு.

இசைவு என்ற இடத்தில்தான் சட்டம் உள்ளே வருகிறது. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளின் வழியில், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் இயற்றப்பட்டது. பெண் விரும்பாத தொடுகை, விரும்பாத நெருக்கம், பாலியல் இணக்கம் கேட்பது, பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது ஆகியவை அதில் துன்புறுத்தலாகச் சொல்லப்பட்டுள்ளன. அதோடு, இணங்கினால் சலுகை உண்டு என்று வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ உணர்த்துவதும், இணங்காவிட்டால் வேலைக்குக் கேடு வரும் என்று மிரட்டுவதும் துன்புறுத்தலாகலாம். மறைமுகமாக என்ற சொல்லைக் கவனியுங்கள். மேற்பார்வையாளர் "உனக்குத் தடைக்காலத்துலயும் வேலை இருக்கும், கவலைப்படாதே" என்று இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது, அவர் அன்பாகச் சொன்னதாக நினைக்கலாம். பெற்றுக்கொண்டவர் அதை அப்படி மட்டுமே எடுத்துக்கொள்ள முடியாது.

இச்சட்டத்தில் பணியாளர் என்றால் நிரந்தர ஊழியர் மட்டுமல்லர்; ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர், நாள்கூலி பெறுபவர், பயிற்சிக்கு வந்தவர் எல்லோரும் அதில் அடங்குவர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, வேலையோ பதவி உயர்வோ தருவதாகப் பொய் வாக்குறுதி அளித்து ஒரு பெண்ணுடன் உடலுறவு கொள்வதைப் பத்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் இசைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இருக்கும் இடங்களில் இதை மேற்பார்வையாளர்களுக்குச் சேர்ந்த நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் மேலே இருப்பவர் என்றால்

உங்கள் நேரடிப் பொறுப்பில் உள்ளவரிடம் காதலைச் சொல்வதற்கு முன்னால், அந்தப் பொறுப்பிலிருந்து நீங்கள் விலகுங்கள். வேறு பிரிவுக்கோ வேறு பணிமுறைக்கோ மாற்றம் கேளுங்கள். காரணத்தை அப்போது விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. மாற்றம் கிடைக்கவில்லையென்றால் காத்திருங்கள். இது கடினமாகத் தோன்றலாம். ஆனால் உங்களிடம் "இல்லை" என்று சொன்னால் நாளைய கூடை என்னவாகும் என்று கணக்குப் போட்டபடி ஒருவர் உங்களுக்குப் பதில் சொல்வதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அந்தக் கணக்கு இல்லாத இடத்தில் வரும் "சரி"தான் உங்களுக்கும் நிம்மதி தரும்.

கேட்டால் ஒரு தடவை கேளுங்கள். வேலை நேரத்தில் கேட்காதீர்கள். நிறுவன வேனில், குளிர்பதன அறையில், அவர் எழுந்து போக முடியாத எந்த இடத்திலும் கேட்காதீர்கள். அவர் சிரித்துவிட்டுப் பேசாமல் போனால் அதற்கு இல்லை என்றே பொருள். அதற்குப் பிறகு தோழி மூலம் சொல்லியனுப்புவதும், பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பதும் தொடர்ந்தால் அது நிறுவன விதியைத் தாண்டிக் குற்றவியல் சட்டத்தின் எல்லைக்குள் போய்விடும்.

இருவரும் மனமொத்த பிறகு, தெரிவிக்கும் கடமை உங்களுடையது. விதித் தாளில் "இருவரும் தெரிவிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தாலும் முதலில் போக வேண்டியவர் நீங்கள்தான், ஏனென்றால் தெரிந்ததும் அதிகம் இழக்கக்கூடியவர் கீழே இருப்பவர். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. நான் பலருக்கு எழுதிக் கொடுத்த வடிவம் இது:

"எனக்கும் நம் நிறுவனத்தின் பொதியிடும் பிரிவில் பணிபுரியும் ஒருவருக்கும் இடையே இருவரது விருப்பத்துடனும் தனிப்பட்ட உறவு உள்ளது. அவரது பெயரை நேரில் தெரிவிக்கிறேன். அவருடைய வருகை, பணிமுறை, கூலி, ஊக்கத்தொகை, மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை, தடைக்காலப் பணிப் பட்டியல் ஆகியவற்றில் இன்று முதல் நான் முடிவெடுக்காதவாறு மாற்று ஏற்பாடு செய்யும்படியும், அந்த ஏற்பாட்டால் அவரது வருமானமோ பணி இடமோ பாதிக்கப்படாதபடி பார்த்துக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்கிறேன். இத்தகவல் அவசியம் தெரிந்திருக்க வேண்டியவரைத் தவிர வேறு எவருக்கும் போகக் கூடாது என்றும் வேண்டுகிறேன்."

கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டி, அவர் சம்மதித்த பிறகே கொடுங்கள். எப்போது உறவு தொடங்கியது, எங்கே சந்தித்தீர்கள் என்பன போன்ற விவரங்களை எவரும் கேட்கக் கூடாது. கேட்டாலும் எழுத வேண்டாம். கடிதம் கொடுத்த நாளிலிருந்து மாற்று ஏற்பாடு வரும்வரை அவரைப் பற்றிய எந்தத் தாளிலும் உங்கள் கையொப்பம் இருக்கக் கூடாது. அரை நாள் விடுப்புச் சீட்டுக்கூட வேறொருவர் கையொப்பத்தில்தான் போக வேண்டும்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த நிறுவனங்களே சான்று. மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக் ஊழியர் ஒருவருடன் கொண்ட உறவுக்காக 2019 நவம்பரில் நீக்கப்பட்டார். பிறகு வேறு உறவுகளை மறைத்தது தெரியவந்து நிறுவனம் அவர் மீது வழக்குத் தொடுத்தது. 2021இல் அவர் 10 கோடி டாலருக்கும் அதிகமான பங்கு மற்றும் பணத்தைத் திருப்பித் தந்தார். நெஸ்லே நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி லோரான் ஃபிரெக்ஸ், தமக்கு நேரடியாகக் கீழே பணிபுரிந்த ஒருவருடனான உறவைத் தெரிவிக்காததற்காக 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டார். இரண்டிலும் நாற்காலியை இழந்தவர் மேலே இருந்தவர். நம் பக்கம் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

நீங்கள் கீழே இருப்பவர் என்றால்

எனக்கு அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. பணியாற்றிய நிறுவனத்தில் ஒரு மேற்பார்வையாளரும் தரம் பிரிக்கும் பகுதியில் இருந்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியும் பழகுகிறார்கள் என்று நிர்வாகத்துக்குத் தெரியவந்தது. இருவரும் வெவ்வேறு சாதி. விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் வீட்டு எண்ணை எடுத்துத் தரச் சொன்னார். விபத்து நேர்ந்தால் அழைப்பதற்காக அவள் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த எண் அது. படிவத்திலிருந்து பார்த்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தவள் நான். அன்று மாலையே அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவள் கையுறையைக்கூடக் கழற்றாமல் வண்டியில் ஏறிப் போனாள். பிறகு வேலைக்கு வரவில்லை. அந்த மாதக் கூலியை வாங்கக்கூட எவரும் வரவில்லை. மேற்பார்வையாளர் அடுத்த வாரமே அதே மேசையில் நின்றார். அந்தத் துண்டுத் தாளை நான் எழுதியிருக்கக் கூடாது.

அதனால் எந்த நிறுவனத்துக்கு விதி எழுதித் தந்தாலும் நான் சேர்க்கும் முதல் வரி, அவசரத் தொடர்பு எண் மருத்துவ அவசரத்தைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தப்படக் கூடாது என்பதுதான். உங்கள் நிறுவன விதியில் இந்த வரி இல்லையென்றால், தெரிவிக்கும் முன் அதை எழுத்தில் கேளுங்கள். நம் ஊர்களில் ஒரு செய்தி அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போக ஒரு பேருந்துப் பயண நேரம்கூட ஆகாது. மனிதவள அலுவலர் முதலாளியின் உறவினராகவும், உங்கள் தெருவில் பெண் எடுத்தவராகவும் இருக்கலாம். அப்படியானால் அவரிடம் தெரிவிக்க வேண்டாம். உள்ளகக் குழுவின் தலைவியிடமோ வெளி உறுப்பினரிடமோ மூடிய உறையில் கொடுத்து, யாரிடம் காட்டலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ மிரட்டல் வரும் என்ற அச்சம் உண்மையானதாக இருந்தால், அலுவலகத்தில் தெரிவிப்பதற்கு முன் பாதுகாப்பை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நான் மேலே குறிப்பிட்ட 2018 மார்ச் தீர்ப்பில், சாதி கடந்து மணம் செய்வோருக்கு எதிரான மிரட்டல்களைப் பெற்று விசாரிக்க மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், மாவட்டச் சமூக நல அலுவலர், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோர் கொண்ட சிறப்புப் பிரிவு அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மனுவை எஸ்.பி. அலுவலகத்திலேயே கொடுக்கலாம். மதம் கடந்த திருமணமாக இருந்து, சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன்படி பதிவு செய்ய எண்ணினால், முப்பது நாள் அறிவிப்பு பதிவு அலுவலகத்தில் வெளியாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அந்த முப்பது நாளில்தான் செய்தி பரவுகிறது.

பொறுப்பு மாற்றம் என்று வரும்போது உங்களைத்தான் முதலில் நகர்த்தப் பார்ப்பார்கள். "மேற்பார்வையாளர் ஒருத்தர்தான் இருக்கார், நீங்க வேற கூடத்துக்குப் போங்க" என்பார்கள். மறுத்துக் கேளுங்கள். போகத்தான் வேண்டும் என்றால், கூலி விகிதம், பணி மூப்பு, வேன் வசதி, இரவுப் பணி இல்லாமை ஆகிய நான்கும் இப்போது உள்ளபடியே தொடரும் என்று எழுத்தில் வாங்குங்கள். தொண்டியிலிருந்து வருகிறவரை வேன் போகாத இடத்துக்கு மாற்றுவது வேலையைப் பறிப்பதற்குச் சமம்.

உடன் பணிபுரிபவர்களுக்கும் ஒரு சொல். பாகுபாடு நடந்தால் புகார் சொல்லுங்கள். ஆனால் எந்த நாளில் யாருக்கு எந்தக் கூடை வந்தது, எடை எவ்வளவு என்று வேலையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். அவர்கள் கடற்கரையில் உட்கார்ந்திருந்ததைப் பற்றிப் பேச உங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை.

உறவு முறிந்தால், அல்லது அது உறவாகவே இல்லாமல் இருந்தால்

முறிவுக்குப் பிறகு, பொறுப்பு மாற்ற ஏற்பாடு அப்படியே தொடர வேண்டும். "அதான் முடிஞ்சுபோச்சே" என்று பழைய மேசைக்கே மேற்பார்வையாளரைத் திருப்பி அனுப்புவது நிர்வாகங்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. கீழே இருப்பவர் தம் கூலிச் சீட்டுகளையும் பணிமுறை அட்டவணையின் படங்களையும் முறிவுக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து வைப்பது நல்லது. எடை திடீரென்று குறைந்திருந்தால் அந்தத் தாள்களே பேசும். குறுஞ்செய்திகளை மன வருத்தத்தில் அழித்துவிடாதீர்கள்.

முன்பு இசைந்தவர் பிறகு விருப்பமில்லை என்று சொன்னால், அந்தக் கணத்திலிருந்து வருவது விரும்பாத நடத்தையே. ஒரு காலத்தில் பழகினீர்கள் என்பதற்காக உங்கள் புகாரை எவரும் வாங்க மறுக்க முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். அதற்கு உயர் பதவியிலுள்ள பெண் தலைமை தாங்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். குழு அமைத்த ஆணையை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும்; கழிவறைக்குப் போகும் வழியிலோ உணவுக்கூடச் சுவரிலோ தேடிப் பாருங்கள். குழுவே அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பத்துப் பேருக்கும் குறைவான இடம் என்றாலோ, புகார் முதலாளியின் மீதே என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் சமூக நல அலுவலரைக் கேட்டால் வழி சொல்வார்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணிலும் கேட்கலாம். இச்சட்டம் பெண்களுக்கானது; ஓர் ஆண் பணியாளருக்கு அவரது மேலாளரால் தொல்லை நேர்ந்தால் நிறுவனத்தின் நடத்தை விதியின்கீழ் புகார் தர வேண்டும், அதற்கு வழி இல்லாத நிறுவன விதி குறையுள்ளது.

கடைசியாக நடந்த நிகழ்விலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டித்துத் தரலாம். தடைக்காலத்தில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த இரண்டு மாதங்களும் இந்தக் கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே கூடம் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். விசாரணையைத் தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும். அது முடியும்வரை உங்களையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றும்படியும், மூன்று மாதம் வரை விடுப்புத் தரும்படியும் நீங்கள் எழுதிக் கேட்டால் குழு பரிந்துரைக்கலாம். சமரசம் வேண்டும் என்றால் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு மட்டுமே உண்டு; பணம் கொடுத்து முடிப்பதை அந்தச் சமரசத்தின் அடிப்படையாக வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. புகாரை நிறுவ முடியாமல் போனதாலேயே அதைப் பொய்ப் புகார் என்று சொல்லி உங்களைத் தண்டிக்கவும் முடியாது.

புகாரை ஆறு பிரதிகளாக, சாட்சிகளின் பெயர், முகவரியோடும் கையிலுள்ள தாள்களின் நகல்களோடும் கொடுக்க வேண்டும். ஏழாவதாக ஒரு பிரதி எடுத்து, அதில் பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தையும் தேதியையும் வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எழுத வராது என்று தயங்க வேண்டாம். வாயால் சொல்வதை எழுத்தாக்க உதவ வேண்டியது குழுவின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது; நான் அமரும் குழுக்களில் அப்படி எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையொப்பமோ கைநாட்டோ வாங்குகிறோம்.